ஐம்பத்தெட்டாவது நொடி

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அப்போது என் போனில் இருந்தது மலிவான பிளான். மாதத்துக்கு இத்தனை நிமிடம்தான். அறுபது நொடிக்கு மேல் ஒரு நொடி பேசினாலும் இரண்டு நிமிடமாகக் கழித்துவிடுவார்கள்.

அதனால் பள்ளிப்பட்டில் தனியாக இருந்த அப்பாவிடம் டீ பிரேக்கில் ஸ்பீக்கர் போட்டு, நொடியைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவேன். அவர் போனில் இன்கமிங் மட்டும்தான். "வெச்சிரும்மா, நிமிஷம் தாண்டிடப் போவுது" என்று அவரே முந்திக்கொள்வார்.

அன்று அப்படிச் சொல்லவில்லை.

"சாப்ட்டியா நைனா?"

"ஒரு மாதிரியா கீதும்மா. கொஞ்சம் பேசிக்கினே இரேன்."

ஐம்பத்தெட்டு.

"நாளைக்குப் பேசறேன் நைனா" என்று கட் பண்ணிவிட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நிமிடத்துக்குள் முடித்துவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். "நைனா போயிட்டாரும்மா. போனைக் கையில புடிச்சிக்கினே கெடந்தாரு."

காரியம் முடிவதற்குள் ஒரு மெசேஜ் வந்தது. என் பிளான் முடிந்துவிட்டதாம். மீதமிருந்த நாற்பத்துமூன்று நிமிடமும் காலாவதியாம்.

அவர் கேட்டது அதில் ஒன்றுதான்.