சட்டைக்குள் காலர் மைக்

படப்பிடிப்பு வட்டாரத்தில் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரை வைத்தவளும் அவளேதான். சாப்பாட்டு இடைவேளையில் ஒருமுறை, "ஆள் குண்டு, வேலை ஊசி" என்று சொல்லிச் சிரித்தாள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கு ஒலிப்பதிவு வேலை. ஸ்டுடியோவுக்குள் இல்லை, வெளியே, கேமரா போகிற இடத்துக்கெல்லாம். பேசுகிறவர் சட்டைக்குள் காலர் மைக்கைக் கண்ணுக்குத் தெரியாமல், துணி உரசாமல் ஒளித்து வைக்க வேண்டுமென்றால் முதலில் அவளுக்குத்தான் போன் போகும்.

அதற்கு முன்னால் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். யாரோ பதிவு செய்துவந்த பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்குகிற வேலை. மாதச் சம்பளம், மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. பேச்சுக்கு நடுவே சட்டை சரசரக்கும்போதெல்லாம் பதிவு செய்தவரைத் திட்டித் தீர்ப்பாள். ஒருநாள் அவர்களில் ஒருவர் போனிலேயே, "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே வந்து மாட்டுங்களேன்" என்றார். போனவள்தான், நாற்காலிக்குத் திரும்பவில்லை.

குழாய் ரிப்பேர்காரர்கள் தூக்கிக்கொண்டு போகிற அடுக்குப் பெட்டிதான் அவளுடைய ஆபீஸ். மேல்தட்டில் மைக்குகள், ஒவ்வொன்றும் தனித்தனி பென்சில் பையில், ஒயர் முறுக்காமல் வட்டமாகச் சுற்றி. நடுத்தட்டில் புண்ணுக்குப் போடுகிற ஒட்டுத்துணி, இருபக்கம் ஒட்டும் டேப், காற்றிரைச்சல் விழாமல் மைக் தலையில் மாட்டுகிற குட்டிக் குட்டி ரோமத் தொப்பிகள். அடித்தட்டில் இடுப்பில் செருகும் டிரான்ஸ்மிட்டர்கள். ஒன்றுக்கொன்று மாறிவிடாமல் இருக்க அவற்றின் மேல் நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தாள். அந்தப் பெட்டியை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. அவள் கணவன் ஒருதடவை பேனாவுக்குச் செல் தேடுகிறேன் என்று திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டான். பேனாவுக்கு எதற்குச் செல் என்று அவள் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

கணவன் பஸ் டிரைவர்.

அந்த வருடம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற ஒரு சலவைக்கூடத்தைப் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு இயக்குநர் கூப்பிட்டாள். வேலை செய்துகொண்டே பெண்கள் பேசிக்கொள்வது வேண்டுமாம். குண்டூசி போய்ப் பார்த்தாள். ராட்சத மெஷின்கள், நீராவி, எல்லார் மேலும் பிளாஸ்டிக் ஏப்ரன். கம்பில் கட்டிய மைக் அங்கே செல்லுபடியாகாது, காலர் மைக்தான் வழி. ஆனால் எந்தக் காலர் மைக்?

வாடகைக் கடையில் இரண்டு வகையைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். ஒன்று அரிசி அளவு, எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் வாங்கும், வியர்வை தாங்கும் என்றார்கள். மற்றது கொஞ்சம் தடிமன், நேராக வாய்ப் பக்கத்தை மட்டும் கேட்கும். இரைச்சலுக்கு இரண்டாவதுதான் சரி என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். குண்டூசி பேச்சை நம்புகிறவள் இல்லை, போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே உடம்பு கணவனுடையது. அன்று லீவு என்று வீட்டில் இருந்தான்.

"நெஞ்சுல வேண்டாம். போன தடவை பிச்சதுல பாதி முடி போச்சு."

"மிச்சம் இருக்குல்ல. அசையாம நில்லுங்க."

இரண்டு மைக்கையும் நெஞ்சில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, மேலே ஏப்ரனுக்குப் பதிலாக மழைக்கோட்டைப் போட்டுவிட்டு, செய்தித்தாளைக் கையில் கொடுத்துக் கீழே தண்ணீர் மோட்டார் அறைக்கு அனுப்பினாள். மோட்டார் ஓட ஓட அவன் சத்தமாக வாசிக்க வேண்டும், நடுநடுவே குனிந்து நிமிர வேண்டும். இவள் மாடியில் ஹெட்போனோடு உட்கார்ந்தாள்.

வானிலையை வாசித்தான், விளையாட்டுச் செய்தியை வாசித்தான். அப்புறம் அவன் போன் அடித்தது. நெஞ்சில் மைக் இருப்பதை மறந்து எடுத்துப் பேசினான்.

"சொல்லுக்கா. இல்ல, இன்னும் அவகிட்ட சொல்லல. சக்கரை கண்ணுக்குப் போயிருச்சாம். ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னுட்டாங்க. டிப்போலதான் உட்காந்திருக்கேன், வண்டிச் சாவி குடுக்குற வேலை. எப்படிக்கா சொல்றது? சொன்னா மறுநாளே இந்த வேலைய விட்டுட்டு மாசச் சம்பளத்துக்கு டைப் அடிக்கப் போயிருவா…"

குண்டூசி ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். ஒலிப்பதிவுக் கருவியின் திரையில் இரண்டு பச்சைக் கோடுகள் மட்டும் ஏறி ஏறி இறங்கின. நீளமாக ஏறியபோது அவன் பேசுகிறான் என்று தெரிந்தது, என்ன பேசுகிறான் என்று தெரியவில்லை. கோடுகள் பழையபடி ஒரே சீராக வந்த பிறகுதான் மாட்டினாள். ஏதோ சாலை விபத்துச் செய்தியைக் கடமைக்கு வாசித்துக்கொண்டிருந்தான்.

மேலே வந்ததும் மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "எப்படிக் கேட்டுச்சு?"

"நல்லா கேட்டுச்சு. உங்கக்காகிட்டப் பேசினதும் கேட்டுச்சு."

அவன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தான். மழைக்கோட்டு ஒரு கையில் மாட்டியபடி இருந்தது.

"கழட்டிட்டேன். முழுசாக் கேக்கல" என்றாள். "கேட்டவரைக்கும் போதும். தினமும் யூனிஃபார்ம அயர்ன் பண்ணிக் குடுத்தேனே, சாவி எடுத்துக் குடுக்கவா?"

"சாவி குடுக்குறவனுக்கும் யூனிஃபார்ம் உண்டு."

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, அடக்கிக்கொண்டாள். கோபம் கண்ணைப் பற்றி இல்லை. "அக்காவுக்குத் தெரியுது, எனக்குத் தெரியல" என்பதுதான் திரும்பத் திரும்ப வாயில் வந்தது. பிறகு அவள் கருவியை எடுத்து, அவன் பார்க்க அந்தப் பதிவை அழித்தாள்.

"நான் எங்கயும் டைப் அடிக்கப் போகல. டாக்டர்கிட்ட அடுத்த தடவை நானும் வரேன். இப்ப மறுபடியும் கீழ போய் வாசிங்க."

"மறுபடியுமா?"

"அழிச்சாச்சுல்ல. சோதனை பாதியில நிக்குது."

கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு போனான். மோட்டார் இரைச்சல் வந்தது. பேப்பரை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது.

"கேக்குதா? கேக்கும்" என்றான். "நேருல சொல்லணும்னுதான் இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல. அன்னைக்கு எதிர்ல வந்தவன் லைட்ட அடிச்சான். ரோட்டுல ஒருத்தர் நின்னது எனக்குத் தெரியவே இல்ல. பிரேக் போட்டுட்டேன், ஒண்ணும் ஆகல. டிப்போல அவங்களாக் கண்டுபிடிக்கல, நானாத்தான் போய் என் கண்ணப் பாருங்கன்னு சொன்னேன். பயமா இருந்துச்சு. இதையும் அழிச்சிரு. சரி, இப்ப குனியிறேன்."

பதில் சொல்ல வழியில்லை, அந்த மைக்கில் சத்தம் ஒரு பக்கம்தான் போகும். குண்டூசி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுதுகொண்டிருந்தபோதும் காது அதன் வேலையைச் செய்தது. அவன் தலையைத் திருப்பியபோதெல்லாம் தடி மைக்கில் குரல் பாதியாகப் போனது, குனிந்தபோது கோட்டு உரசியது. அரிசி மைக்கில் மோட்டார் கூடவே வந்தாலும் ஒரு வார்த்தைகூட விடவில்லை.

அரிசி மைக்கையே எடுத்தாள். சலவைக்கூடத்தில் அதை நெஞ்சில் வைக்காமல், பெண்கள் தலையில் போட்டிருந்த துணித் தொப்பியின் விளிம்பில் தைத்தாள். ஏப்ரன் தொல்லை ஒழிந்தது. வியர்வை தாங்கும் என்றதில் ஒன்று தாங்கவில்லை, கடைக்காரரோடு ஒரு சண்டை போட்டு மாற்றி வாங்கினாள்.

மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணுக்கும் டிரான்ஸ்மிட்டரை அணைக்கிற பொத்தானைக் காட்டினாள். முன்பெல்லாம் அதைப் பூட்டிவிட்டுத்தான் கொடுப்பாள். பெண்கள் பொத்தானைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. "நல்ல பேச்செல்லாம் போயிருச்சே" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"அவங்க பேச்சு, அவங்க அணைக்கிறாங்க" என்றாள் குண்டூசி. "மிச்சமே ஒரு படத்துக்குப் போதும்."

கணவனுக்குக் கண்ணில் லேசர் செய்தார்கள். இருக்கிற பார்வை நிற்கும், போனது வராது என்றார் டாக்டர். அவன் டிப்போவிலேயே இருக்கிறான். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்று தினமும் புலம்புகிறான். டிரைவர்களோ, இவன் சாவி கொடுக்கிற நேரத்தில் பஸ்ஸே ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்கிறார்கள்.