தராசுச் சின்னத்துத் தையல்காரர்

செய்தியைக் கொண்டுவந்தவர் நானுஓயா பஸ் கண்டக்டர். தலவாக்கலையில் என் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, மிதிபலகையில் நின்றபடியே, "அண்ணே, சவரிமுத்து டெய்லரு போயிட்டாருண்ணே. காலையில எழுப்பப் போனா எந்திரிக்கல" என்றார். நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். பஸ் நகர்ந்ததும் மறுபடி தலையை நீட்டினார். "என் காக்கிச் சட்டை அவருகிட்டதாண்ணே கெடக்கு. போனீங்கன்னா பாருங்க." எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவரை அறிந்த உங்களில் பாதிப் பேருக்கு அன்று இந்த இரண்டு நினைப்பும் இதே வரிசையில்தான் வந்திருக்கும்.

சவரி அண்ணன் கடையின் இரண்டாவது மெஷினில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன் நான். அவர் தைத்த துணியில் யாரும் குற்றம் கண்டதில்லை. தைத்து முடிக்கும் நாளில்தான் எல்லாக் குற்றமும். எந்தத் துணிக்கும் அவர் சொல்லும் தவணை ஒன்றே: "வர்ற வியாழக்கிழமை." எந்த மாதத்து வியாழக்கிழமை என்று சொன்னதே இல்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த சட்டையைத் தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு. சண்டைக்கு வந்தால், "அவசரமாத் தச்சா தையலு சிரிக்கும்ங்க" என்பார். வந்தவர் சிரித்துவிட்டுப் போவார். ஏச்சு வாங்குவதற்கு நான் இருந்தேன்.

அண்ணன் கடை இருந்த எங்கள் பஜார் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. அரிசிக்கடை இரண்டு ஐந்தாயிற்று. சலூன் வந்தது, பெற்றோல் ஷெட் வந்தது, ஊர் பெருத்துவிட்டதென்று பட்டின சபையும் வந்தது. எல்லை கீறியபோது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயங்கள் இரண்டும் எங்கள் தெருவோடு உள்ளே விழுந்தன. தண்ணீர்க் குழாய் மட்டும் எங்கள் தெரு முனைவரை வந்து நின்றுவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் ஊற்று விழும் பீலிக்குத்தான் இறங்க வேண்டும். ஒரு மழைநாளில் அண்ணனின் மனைவி மதலேனம்மா அந்தப் பாதையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மறுநாள் அண்ணன் ஊசியில் நூல் கோர்த்தபடியே, "தம்பி, நான் எலெக்சன் கேக்கப் போறேன்" என்றார். "முதல்ல துரை பங்களா பட்லரோட கோட்டக் குடுங்க" என்றேன். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவர் என்னைத் திட்டாததிலிருந்து தெரிந்தது.

எதிர்த்து நின்றவர் லொறி முதலாளி. நல்ல மனிதர்தான், வாக்குக் கொடுப்பதில் மட்டும் கொஞ்சம் தாராளம். அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. வருடத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் அதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணனுக்குக் கிடைத்தது தராசு. நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் தேர் இழுத்து வந்தவரைப் போல நின்றார். "தராசுன்னா நீதி தம்பி! பேசவே வேணாம், சின்னமே பேசும்" என்றார்.

சின்னம் பேசத்தான் செய்தது. லயத்தில் நாங்கள் தராசுப் படத்தை நீட்டியதும் கருப்பாயி அக்கா இடுப்பில் கை வைத்தார். கொழுந்து பறிக்கும் பெண்களில் அவர் சொல்வதுதான் அங்கே சட்டம். "இதுக்கா போடச் சொல்றீங்க? காலையிலேருந்து மலையில நனைஞ்சு பறிச்சுக் கொண்டாந்தா, இந்தப் பாழாப்போன தராசுலதானே கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டுன்னு கழிக்கிறாங்க. இதுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டு வேற போடணுமா? குடையாச்சும் நனையாமக் காப்பாத்தும்." நான் படங்களைச் சுருட்டினேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்து மக்களுக்கு ஓட்டு என்பதே அபூர்வம். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு, விசாரணைக்கு அலைந்து, கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர். ஊர்வலத்துக்குத் திரண்டு வருகிறவர்களில் ஓட்டுள்ளவர்களைப் பிரித்து நிறுத்தினால் லயத்தின் ஒரு காம்பராவுக்குள் அடங்கிவிடுவார்கள். அவர்களும் குடைக்குள் போனால் எங்கள் கதை முடிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அண்ணன் பழைய கொழுந்துத் தராசு ஒன்றை எங்கிருந்தோ சுமந்து வந்தார். மூன்று கம்பால் முக்காலி கட்டித் தொங்கவிட்டு, கொக்கியில் கொழுந்துச் சாக்கை மாட்டி, அதற்குள் தானே ஏறி உட்கார்ந்தார். தலையும் கண்ணாடியும் மட்டும் வெளியே தெரிந்தன. "கருப்பாயி அக்கா, இன்னிக்கு நீங்கதான் கணக்கப்பிள்ளை. நிறுங்க!" என்றார். கருப்பாயி அக்கா முள்ளைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் போலவே தொண்டையைச் செருமினார். "நூத்திப் பன்னெண்டு றாத்தல். கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு. நூத்தியெட்டுன்னு போடுங்கய்யா!" லயமே வெடித்துச் சிரித்தது. சாக்குக்குள்ளிருந்து அண்ணன் கத்தினார்: "நான் நனையவே இல்லையேம்மா!" சிரிப்பு அடங்கியதும் அங்கிருந்தபடியே சொன்னார்: "என்னையச் சபைக்கு அனுப்புங்க. நிறுத்தத நிறுத்தபடி எழுதுவேன். பைப்பு வரும்." ஒரு கிழவர் மட்டும், "எந்த வியாழக்கிழமைங்க?" என்று கேட்டார். இறங்கும்போது சாக்கில் கால் சிக்கி அண்ணன் குப்புற விழுந்தார். ஆனாலும் அன்று லயம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

தேர்தலன்று கீழ் லயத்தார் பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து போட்டுவிட்டார்கள். கருப்பாயி அக்காவோடு ஆறு பெண்கள் மட்டும் மேல்மலையில் பறித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தின் கதவு சாத்த அரை மணி இருக்கும்போது நான் மூச்சிரைக்க ஏறினேன். அவர்கள் நிறுவைக்கு வரிசையில் நின்றார்கள். "கூடைய எறக்கி வச்சுட்டு வாங்கக்கா!" என்றேன். "நல்லாருக்கே! ஆளு பக்கத்துல இல்லாட்டி பத்து றாத்தலு கழிச்சுருவான். இந்தா, நிறுத்துட்டு ஓடியாறோம்" என்றார் அக்கா. நிறுத்தார்கள், ஓடியும் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கதவு கண்ணெதிரே சாத்தப்பட்டது. தராசுக்கு ஓட்டுப் போட வேண்டியவர்களைத் தராசே பிடித்து வைத்துக்கொண்டது.

எண்ணி முடித்தபோது அண்ணன் நான்கு ஓட்டில் தோற்றிருந்தார். கருப்பாயி அக்கா கடை வாசலில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அண்ணன் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "அழாதீங்கக்கா. கூடைக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு. கழிச்சுட்டாங்க, அவ்வளவுதான்." அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். உள்ளே மதலேனம்மா இடது கையால் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குக் கிளம்பினார். அப்போதுதான் மெஷின் நின்றது.

வென்ற முதலாளி சபையில் போட்டுக்கொள்ள ஒரு கோட்டுத் துணியை எங்கள் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். அவரைப் போன்ற உடம்புக்குக் கோட்டு வெட்டத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் வேறு யார்? அண்ணன் மரியாதையாக அளவெடுத்தார். "எப்பங்க கிடைக்கும்?" "வர்ற வியாழக்கிழமைங்க. நம்ம தெருவுக்குப் பைப்பு எப்பங்க?" "வர்ற மாசம்." இந்தப் பேச்சு ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. முதலாளி சால்வையோடு சபைக்குப் போய் வந்தார். துணியைத் திருப்பிக் கேட்டால், "வெட்டிட்டேனுங்களே" என்பார் அண்ணன். உண்மை என்னவென்றால், அந்தக் கோட்டு முதல் மாதத்திலேயே முடிந்து, பொத்தானும் வைத்து, அலுமாரியில் தொங்கியது. அவர் தவணைக்கு முன்னால் தைத்து முடித்த ஒரே துணி அதுதான். கடைசியில் ஆட்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். குழாயில் தண்ணீர் விழுந்த அன்று காலை அண்ணன் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி வீட்டுக்கு நடந்தார். திறப்பு விழாவில் முதலாளி அந்தக் கோட்டோடு பேசினார். அண்ணன் கடைசி வரிசையில் நின்று, கைமடிப்பு நேராக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து மயானத்திலிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் அந்தக் குழாயடியில்தான் கால் கழுவினோம். லொறி முதலாளி அதே கோட்டை அணிந்து வந்திருந்தார். அது நனையாமலிருக்கக் கருப்பாயி அக்கா அவருக்குச் செம்பில் மொண்டு ஊற்றினார். எனக்கு அங்கேதான் தாங்கவில்லை, விம்மி அழுதேன். மதலேனம்மா என்னைக் கடைக்குள் அழைத்துப் போய் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். கண்டக்டரின் காக்கிச் சட்டை. தைத்து, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. பொத்தானுக்குக் காஜா மட்டும் ஒன்று பாக்கி.

சட்டை என்னிடம் இருக்கிறது. காஜாவை நான்தான் எடுக்க வேண்டும், இன்னும் கை வரவில்லை. தினமும் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் கேட்கிறார், "எப்பண்ணே?" நான் அவருக்குச் சொல்லும் பதிலை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சவரி அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கிழமைதான்.