ஐஸ் பெட்டியும் அவசரப் பையும்

ஜப்பானில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், எந்த வீட்டுக் கதவைத் திறந்தாலும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு முதுகுப்பை தொங்கும். வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்கள் எப்போதும் எங்கேயோ கிளம்பத் தயாராகவே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அது நிலநடுக்கத்துக்கான பை என்று பிறகுதான் தெரிந்தது. ‘போசாய்’ பை என்பார்கள். தரை ஆடினால் அதை மாட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், எங்கள் மாடியின் பொறுப்பாளர் சாத்தோ அம்மா வீடு வீடாக வந்து பையைத் திறந்து பார்ப்பார். வயது எழுபதுக்கு மேல். கையில் பென்சிலும் பட்டியலும் வைத்துக்கொண்டு, வீட்டுப்பாடம் திருத்த வந்த டீச்சர் மாதிரி நிற்பார்.

முதல் வருஷம் என் பையைத் திறந்தவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், நர்சிங் மார்க் ஷீட்டுகள், இரண்டு நாட்டு வங்கிப் பாஸ்புக்குகள், எண்ணூர் ரேஷன் கார்டின் நகல். தண்ணீர், பிஸ்கட், டார்ச் எதுவும் கிடையாது. “எதைக் குடிப்பீர்கள்?” என்று கேட்டார். “தண்ணீர் யாராவது கொடுப்பார்கள்” என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியில் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. “அடுத்த வாரமே ஊருக்குத் திரும்புகிறீர்களா?” என்றார். இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் ஒரு பெட்டி இனிப்பும் ‘நலமாகப் போய்வாருங்கள்’ என்ற சீட்டும் வாசலில் இருந்தன. திருப்பிக் கொடுக்க மனம் வராமல் தின்றுவிட்டேன்.

அந்தப் பையை நான் எண்ணூர் வழக்கப்படிதான் அடுக்கியிருந்தேன். எங்கள் வீடு கழிமுகத்தை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறது. அம்மா மீன் விற்கிறாள். மழை பிடித்துக்கொண்டு தண்ணீர் தெருவுக்குள் வரப் பார்த்தால் எல்லா வீட்டிலும் ஒரே வேலைதான் நடக்கும். மீன் வைக்கிற ஐஸ் பெட்டியைக் காலி செய்து, கழுவித் துடைத்து, வீட்டிலிருக்கிற காகிதங்களையெல்லாம் அதில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டுவோம். கயிற்றை நீளமாக விட வேண்டும், அதுதான் சூட்சுமம். தண்ணீர் ஏற ஏறப் பெட்டியும் மிதந்து மேலே போகும். பீரோவும் கட்டிலும் மூழ்கினாலும் பெட்டி மூழ்காது. ஒருமுறை நான் குடிதண்ணீர் கேனைத் தூக்கப் போனபோது அம்மா கத்தினாள்: “அத்த வுடுடி! தண்ணி எவனாச்சும் லாரில வந்து குடுப்பான். பேப்பர எவன் குடுப்பான்? இது நம்ம வூடுன்னு எவன் நம்புவான்?” நிவாரண வரிசையில் நின்றவர்களுக்கு அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. என்ன, எங்கள் சான்றிதழ்களில் எப்போதும் லேசாக மீன் வாடை இருக்கும். விசா நேர்காணலில் என் ஃபைலைத் திறந்த அதிகாரி மூக்கைத் தடவிக்கொண்டார்.

நான் ஜப்பானுக்குக் கிளம்புவதற்கு முந்தைய மழையில் டேப் விட்டுப்போய்ப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. வடிந்த பிறகு அம்மா காகிதங்களைத் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். ரேஷன் கார்டு, என் பாவாடை, வங்கி டெபாசிட் ரசீது என்று வரிசையாகக் காற்றில் ஆடியதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கோ பொறுமை இல்லை. முழுதாகக் காய்வதற்குள் எல்லாவற்றையும் திருவொற்றியூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் லேமினேட் செய்துவிட்டாள். “இனிமே கடலே உள்ள வந்தாலும் ஒண்ணும் ஆவாது” என்று பளபளக்கும் அட்டைகளை என்னிடம் நீட்டினாள். நானும் தலையாட்டினேன். படித்த எனக்கே உறைக்கவில்லை.

அந்த டெபாசிட் பணம் வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்துவதற்காக அம்மா கூடை சுமந்து சேர்த்தது. இந்த வருஷம் முதிர்ந்தது. மழைக்கு முன் வேலையை முடிக்கக் கொத்தனாரிடமும் பேசிவிட்டாள். ரசீதை வெளியே எடுத்தபோதுதான் தெரிந்தது, உள்ளே அடைபட்ட ஈரம் பூசணமாகப் படர்ந்து எழுத்தையெல்லாம் ஊதா நிறமாகக் கரைத்திருந்தது. வங்கியோ இடையில் வேறொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது. அம்மா வங்கியில் நிற்பதை, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் ஓய்வறையிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். “பழைய ரசீது நம்பர் இல்லாம எங்கம்மா தேடுறது? உங்க பேர்ல இங்க எத்தினி பேரு கீறாங்க!” என்றது கவுன்டருக்குள்ளிருந்து ஒரு குரல். அம்மா போனைத் தன் பக்கம் திருப்பினாள். “நல்லதுன்னுதானே பண்ணேன், சுமதி. மறுபடி மழ வந்தா இன்னா பண்றது?” என்று அழுதாள். இடுப்பளவு தண்ணீரில் நின்றபோதுகூட அழாதவள். அந்த நேரத்தில், அவள் பக்கத்தில் நிற்க விடாமல் என்னைப் பிடித்துவைத்திருக்கும் இந்த ஜப்பான் மேலேயே கோபம் வந்தது.

கைகொடுத்தது சாத்தோ அம்மாவின் நச்சரிப்புதான். இரண்டாம் வருஷச் சோதனையில், பையில் நகல்தான் இருக்க வேண்டும், அசல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். இங்கே வங்கிக் கணக்குக்குக் கையெழுத்துக்குப் பதில் ஒரு முத்திரை உண்டு. அதையும் பாஸ்புக்கையும் ஒரே அலமாரியில் வைப்பவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. பழைய போனில் இருந்த படங்களையும் இணையச் சேமிப்பில் ஏற்ற வைத்த பிறகுதான் நகர்ந்தார். அம்மா வங்கியில் அழுத அன்று இரவு அந்தச் சேமிப்பைத் துழாவியபோது துணிக்கொடிப் படம் கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பாவாடைக்குப் பக்கத்தில் ரசீது எண், ஒரு இலக்கம்கூடக் கெடாமல் இருந்தது. அம்மா அதை அச்செடுத்துக்கொண்டு போனாள், கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “உன் பாவாடைய பேங்க்கே பாத்துச்சுடி!” என்று போனில் சிரித்தாள். தரை இரண்டடி உயர்ந்துவிட்டது. இப்போது நிலைவாசலில் தலை இடிக்கிறதாம்.

அதன்பின் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். என் காகிதங்களின் நகல்கள் எண்ணூரில் ஐஸ் பெட்டிக்குள், அம்மாவுடையவை இங்கே வாசல் பைக்குள். இந்தச் செப்டம்பரில் சாத்தோ அம்மா பையைத் திறந்தபோது மேலாக அம்மாவின் ஆதார் நகல் இருந்தது. என் தண்ணீர்ப் பாட்டில்களை எண்ணி முடித்துவிட்டு, படத்தைக் காட்டி யாரென்று கேட்டார். அம்மா என்றேன். “இந்த வீட்டில்தானா?” என்று பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார். விளக்கிச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது “ஹாய்”, ஜப்பானியில் ‘ஆமாம்’, என்ற ஒரே சொல். அவர் பட்டியலில் ஏதோ திருத்திக்கொண்டு போனார்.

மறுநாள் காலை வாசலில் இன்னொரு ஆளுக்கு மூன்று நாளைக்கு வேண்டிய தண்ணீர் இருந்தது. அதையும் பைக்குள் அடுக்கினேன். இப்போது பையை என்னால் தூக்க முடிவதில்லை. ஒரு பாட்டிலைக்கூட இன்னும் வெளியே எடுக்கவில்லை.