வாயில்லாத பை

டைல்ஸ் ஒட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் கையில் எடுத்துப்போன எதையும் வீடு கொண்டுவந்து சேர்த்த சரித்திரம் அவருக்கு இல்லை. குடை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் ஊர் முழுக்க இறைந்து கிடந்தன. ஒருமுறை மகளோடு முடிவெட்டும் கடைக்குப் போனவர், ஜம்மென்று முடிவெட்டிக்கொண்டு தனியே திரும்பினார். அன்றிலிருந்து தெருவுக்கே அவர் ‘மறதி’. அதற்குக் கோபித்துக்கொள்ளவும் மறந்துவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. தையல்காரியான மனைவி உடனே அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். வெளிநாட்டில் வெல்டராக இருந்து திரும்பிய அவளுடைய அண்ணன், தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து புத்திமதியை அவிழ்த்துவிட்டார்.

"மாப்ளே, புரியாத காகிதத்துல கையெழுத்து போடாதீங்க. சம்பளம், லீவு எல்லாத்தையும் கிளம்புறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க. பாஸ்போர்ட்ட நகல் எடுத்து வீட்ல வையுங்க. அசல மட்டும் யார் கேட்டாலும் குடுக்காதீங்க, முதலாளியே கேட்டாலும் சரி. உள்பனியன்ல ஒரு பை தைச்சுக்குங்க."

மறதி தலையாட்டினார். மனைவி பை தைத்தாள். தைத்த பிறகுதான் யோசனை வந்தது. வாய் இருந்தால் இந்த மனுஷன் எடுப்பார், எடுத்தால் எங்கேயாவது வைப்பார். கிளம்பும் அன்று பாஸ்போர்ட்டை உள்ளே போட்டு, பையின் வாயையும் நைலான் நூலால் நெருக்கித் தைத்துவிட்டாள்.

வழியனுப்ப மனைவியும் மச்சானும் கூடவே வந்திருந்தார்கள். விமான நிலைய வாசலில் காவலர் கை நீட்டினார். "பாஸ்போர்ட்ட காட்டுங்க."

"யார் கேட்டாலும் குடுக்கக் கூடாதுங்க."

"நான் கேக்காம வேற யாருய்யா கேப்பாங்க?"

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். "நான் முதலாளியச் சொன்னேன் மாப்ளே! இவர் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடுவார்!"

மறதி சட்டையைத் தூக்கினார். பை இருந்தது, வாயைக் காணோம். இந்த விமானத்தை விட்டால் வேலை வேறொருத்தனுக்கு என்று ஏஜெண்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். கத்தரிக்கோல் யாரிடமும் இல்லை. மச்சான் வண்டிச் சாவியால் குத்திப் பார்த்தார்.

"நான் தைச்சது அப்படியெல்லாம் வராது" என்றாள் அவள், பெருமையாக.

அண்ணன் முறைத்த முறைப்பில் குனிந்து பல்லால் கடிக்க ஆரம்பித்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்றுவிட்டார்கள். கட்டினவனை நட்டநடு வாசலில் கடிக்கிறாளே என்று ஒரு பெரியவர் பெட்டியோடு ஒதுங்கிப் போனார். மறதிக்குக் கூச்சம் தாங்கவில்லை. நெளிந்து நெளிந்து சிரித்தார். பிறகு பனியன் நனைவது தெரிந்தது.

"அழறியா?"

"நூலு நனைஞ்சாத்தான் அறும். பேசாம நில்லுங்க."

அவள் கடிப்பது மெதுவாகிக்கொண்டே வந்தது. கடைசித் தையலில் நிமிர்ந்துவிட்டாள்.

"இத நீங்களே அறுத்துக்குங்க. என்னால ஆகாது."

அவர் பிடித்து இழுத்த இழுப்பில் பாஸ்போர்ட்டோடு பாதிப் பனியனும் கையில் வந்தது. சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். காவலர் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, "சீக்கிரம் போங்க" என்றார்.

அவள் ஓடிவந்து கிழிந்த பனியனைச் சட்டைக்குள் திணித்துப் பட்டனைப் போட்டுவிட்டாள்.

"அங்க எது கிழிஞ்சாலும் யார்கிட்டயும் தைக்கக் குடுக்காதீங்க. அப்படியே எடுத்துட்டு வாங்க."