அண்ணனின் வால்வுப் பெட்டியும் ஒரு நிமிட மௌனமும்

பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து, ஏரியில் நண்டும் இறாலும் பிடித்துக் குடும்பத்தைக் காப்பாற்றி, பிறந்த வீட்டிலேயே கண்மூடிய எங்கள் அண்ணனுக்கு இன்று முதலாமாண்டு நினைவு நாள். இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். "ஊரே போற்றிய உத்தமர்" என்று எழுதியிருக்கிறார் எங்கள் மாமா. ஊர் எப்போது போற்றியது? "கண்டன்சர் கிறுக்கன்" என்று கூப்பிட்ட வாய்கள்தானே இவை! படத்துக்கு மாலை போட்டதும் உங்களுக்கெல்லாம் மரியாதை பொங்கிக்கொண்டு வருகிறது.

அந்தக் கிறுக்கு எப்படி வந்தது என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். கடலுக்குப் போன எங்கள் அப்பா, நைனா, பிணமாகத்தான் கரைக்கு வந்தார். ஊர்க்கூட்டத்தில் அவருக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலி. எல்லாரும் தலைகுனிந்து நிற்க, வாடகைக்கு ஸ்பீக்கர் விடும் மாமா கட்டியிருந்த ஸ்பீக்கர் மட்டும் அந்த நிமிடம் முழுக்க 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருந்தது. அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். வேறு யாருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை.

"நைனாவுக்கோசரம் ஒரு நிமிசம் சும்மா இருக்க முடியல இந்த ஊரால" என்றார் அண்ணன்.

படகு ஓட்டிய நேரம் போக, பொன்னேரியில் ஒரு ரேடியோ கடையில் உட்கார்ந்து வேலை கற்றார். பழைய ரேடியோக்களில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்து ஒரு ப்ரீஆம்ப் செய்தார். மைக்கில் வரும் சின்னக் குரலை முதலில் பெருக்கும் பெட்டி அது. அங்கே இரைச்சல் புகுந்தால் அதுவும் சேர்ந்து பெருகும். கரண்டிலிருந்து வரும் அந்த இரைச்சலை வடிகட்டுவது கண்டன்சர்கள். அவற்றைத் தேர்ந்தெடுக்க அண்ணன் பட்ட பாட்டை, பெண் பார்க்கப் போகும்போதுகூட நீங்கள் யாரும் பட்டதில்லை.

பெட்டி ஓடும்போது முந்நூறு வோல்ட்தான். ஆனால் சுவிட்சு போட்டதும், வால்வுகள் சூடாகி வேலை தொடங்கும் வரை வோல்டேஜ் ஏறி நிற்கும். அதற்காக நானூற்றைம்பது வோல்ட் தாங்குவதைத்தான் வாங்குவார். பழைய டிவியில் பிடுங்கியதைத் தொடமாட்டார். சூடான வால்வுக்குப் பக்கத்தில் பொருத்தமாட்டார். உப்புக்காற்றில் கம்பிக்கால் துருப்பிடித்ததைத் தூக்கி எறிந்துவிடுவார். மாமாவோ லாரி நிறைய ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, "சத்தம்தாண்டா மரியாத" என்று ஊருக்கே காது வலி வரவைத்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு எப்டிகீதுனு கேக்காத. பாட்டு இல்லாதப்ப இன்னா கேக்குதுனு கேளு" என்பார் அண்ணன். நாங்கள் சிரிப்போம். நானும்தான்.

அண்ணன் முதல்முறை மருத்துவமனையில் படுத்தபோது, பெட்டியில் கண்டன்சர்கள் காய்ந்துபோய் இரைச்சல் எடுத்தது. திருவிழா நெருங்கியிருந்தது. படுக்கையில் இருந்தபடியே சொன்னார்: "கரண்ட மாத்துற வால்வுலேர்ந்து வர்ற லைன்ல மொதல்ல பத்து மைக்ரோ கண்டன்சர். அதுக்கப்புறம் ரெண்டும் நாப்பத்தேழு. மொதல்ல பெருசு போட்டா வால்வு தாங்காது தம்பி."

நான் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். எல்லாம் தெரியும் என்ற திமிர். போதாக்குறைக்கு மாமா வேறு. "பத்தா? இன்னாடா இது பிச்சக்காரத்தனம்? எரநூத்தி இருபது போடு. இரைச்சலே இருக்காது."

போட்டேன். இரைச்சல் குறைந்தது உண்மைதான். மாமா என் முதுகில் தட்டினார். அந்தப் பெரிய கண்டன்சர் மடக்கு மடக்காகக் கரண்டை இழுத்ததில், இரண்டாம் நாள் வால்வுக்குள் நீலமாகப் பொறி பறந்து பெட்டி அடங்கிவிட்டது. திருவிழாவுக்கு மாமாவின் லாரிதான் வந்தது.

"கரண்டு ஏறி எறங்கிச்சிண்ணா. அதான் வால்வு போயிடுச்சி" என்றேன் அண்ணனிடம்.

"சரி, வுடு" என்றார். வீடு திரும்பியதும் புது வால்வு போட்டு அவரே சரிசெய்தார். அதன்பின் சாகும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் அவருடைய சாமான் டப்பாவைத் திறந்தேன். அடியில் அந்த இருநூற்று இருபது மைக்ரோ கண்டன்சர் காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. மேலே அவர் கையெழுத்தில், "தம்பி போட்டது." வேறொன்றும் எழுதவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவுமில்லை. உங்களையெல்லாம் இவ்வளவு ஏசிய நான்தான் அவரிடம் பொய் சொன்னவன். உங்கள் இளக்காரத்தை அவர் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. என் பொய்யை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

கடைசி நாட்களில் அவரைத் தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டிய கோட்டைக்குப்பம் நண்பர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவரும் இம்மலரில் எழுத இடம் கேட்கவில்லை.

இன்று மாலை ஒரு நிமிட மௌன அஞ்சலி உண்டு. மாமாவின் லாரி வராது. அண்ணனின் பெட்டிதான். ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று நினைத்து யாரும் எழுந்து வந்து தட்டிப் பார்க்க வேண்டாம். அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். நைனாவுக்குக் கிடைக்காத அந்த ஒரு நிமிடத்தைத்தான் அண்ணன் ஆயுள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார்.