மொட்டை டயரும் என் மாரியம்மாவும்

பிரேக்கை முழுசாக மிதித்தும் கார் நிற்கவில்லை. அந்த நொடியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை, அன்பர்களே.

நான் மூக்கண்டப்பள்ளியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய கார் வாங்கி வைத்திருக்கிறோம். டயர்கள் தேய்ந்தபோது முன்பக்கம் இரண்டை மட்டும் அவர் புதிதாகப் போட்டார். பின்னால் இருந்தவை பள்ளமெல்லாம் தேய்ந்து பட்டனே இல்லாத மொட்டை டயர்கள்.

"முன்னாடிதான் புள்ள வண்டிய இழுக்குது. பின்னாடி இருக்கறது சும்மா உருளும். பயப்படாத," என்றார். கம்பெனியிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆயுத பூஜைக்கு நான்கு டயருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கினோம். அதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

அடுத்த வாரம் ராயக்கோட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். பகல் நேரம், நல்ல மழை. சானமாவுக் காட்டு வளைவில் திரும்பினால், யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு பைக். அப்பா, அம்மா, நடுவில் மஞ்சள் மழைத்தொப்பி போட்ட ஒரு சின்னக் குழந்தை.

பிரேக் மிதித்தேன். முன் சக்கரங்கள் பிடித்தன. பின்பக்கம் தண்ணீரில் மிதந்து, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. தண்ணீரை ஒதுக்கித் தள்ள அந்த டயரில் பள்ளமே இல்லையே! ஸ்டீயரிங்கை ஒடித்தேன், கேட்கவில்லை. ஹாரன் அடிக்கக்கூடக் கை போகவில்லை.

"ஏய், புடி, புடி!" என்று அவர் கத்துகிறார். எதைப் பிடிப்பது? அந்த மஞ்சள் தொப்பி கிட்டே கிட்டே வருகிறது. ஒன்றுமே செய்ய முடியாத பாவியாக உட்கார்ந்திருந்தேன்.

கண்ணை மூடிக் கதறினேன். "மாரியம்மா, எங்கள என்ன வேணா பண்ணு. அந்தக் கொழந்தைய விட்டுடு தாயே!"

கார் அப்படியே சுழன்று, ரோட்டோரச் சேற்றில் இறங்கிப் புதைந்து நின்றது. கண்ணைத் திறந்தேன். பைக் கைக்கெட்டும் தூரத்தில் அப்படியே நின்றிருந்தது.

யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். கார் வழுக்கியது மொட்டை டயரால். வழுக்கிய வண்டியைச் சேற்றுப் பக்கம் திருப்பியது என் தாய்.

மறுநாளே அவர் பின்னாலும் புது டயர் போட்டார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை சந்தனம் வைக்கும் முன் நான்கு டயரிலும் விரலை விட்டுப் பள்ளம் பார்க்கிறேன். அவருக்குச் சிரிப்பு, சிரிக்கட்டும். அன்பர்களே, நீங்களும் பாருங்கள். பார்த்துவிட்டு மற்றதை அவளிடம் விடுங்கள். கைவிட மாட்டாள்.

அந்தப் பைக்கில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைச் சத்தத்தில் யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழி விட்டதும், யானை போன பக்கம் கையை ஆட்டிக்கொண்டே அந்தக் குழந்தை போனது. பின்னால் சேற்றில் உட்கார்ந்து அழுத எங்களை அதற்குத் தெரியாது. தெரியவே வேண்டாம், தாயே.