பெரிலின் தொண்ணூறு நாள்

நார்மன் சக்டனுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது. அவன் மனைவி பெரில் ஸ்பெயினுக்கு வந்து அன்றைக்கு எண்பத்தோராவது நாள்.

நாள் கணக்கைச் சொல்லக் காரணம் உண்டு. வெயிலைத் தேடி வந்து இந்த மலையடிவாரத்தில் குடியேறிய பிரிட்டிஷ் கிழடுகள் முப்பது வீடு இருக்கிறோம். நான் எம்லின், வேல்ஸ் நாட்டில் தபால்காரனாக இருந்தவன். நார்மன் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டியவன். பெரில் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. பதினாலு வருஷமாக அவர்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேலிதான். எங்கள் நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பைவிட்டு விலகியபோது, கெடுவுக்குள் பதிந்துகொண்டவர்களுக்கெல்லாம் இங்கே நிரந்தரமாக வாழ அட்டை கிடைத்தது. நார்மனுக்குக் கிடைத்தது. பெரில் அந்தச் சமயத்தில் ஹாலிஃபாக்ஸில், படுத்த படுக்கையாகிவிட்ட தன் அம்மாவைத் துடைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு அவள் திரும்பியபோது கெடு முடிந்து வெகுநாளாகியிருந்தது.

அதிலிருந்து அவள் இங்கே விருந்தாளி. நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள் தங்கலாம். மீதி நாட்களை அம்மா விட்டுப்போன சின்ன வீட்டில் கழிப்பாள். "எங்க கல்யாணத்துக்குப் பாதிப் பாதி விடுமுறை" என்று நார்மன் கிண்டலடிப்பான்.

பக்கவாதம் வலப்பக்கத்தை அடித்துப் போட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. "சரி." தாகமா என்று கேட்டால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. அழும்போதும் சரி.

இந்த நாட்டு ஆஸ்பத்திரியில் ஊசியும் மருந்தும் நர்ஸ் பார்த்துக்கொள்வாள். ஊட்டுவது, துடைப்பது, கூட இருப்பது வீட்டுக்காரர்கள் பாடு. கட்டிலுக்குப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள். பெரில் அதில் குடியேறினாள். தண்ணீர்கூட அவனுக்கு நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஒரு மாவைக் கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரு கரண்டி ஊட்டிவிட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்திருந்து, அப்புறம் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் தீர முக்கால் மணி நேரம் ஆகும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆலிவ் தோட்டக்காரர். அவருக்குப் போட்ட நாற்காலியில் அவர் மனைவி ரெமேதியோஸ். இரண்டு பெண்களுக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்கு அரைகுறை. இருந்தும் நாலாம் நாளே ஒருத்தி குளிக்கப் போனால் இன்னொருத்தி இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொண்டாள்.

எண்பத்தைந்தாவது நாள் பெரில் என்னிடம் வாயைத் திறந்தாள்.

"அஞ்சு நாள்தான் இருக்கு, எம்லின். நாளை நீட்டிக்கப் போலீஸ் ஆபீஸ்ல நேரம் கேட்டுப் பார்த்தேன். அடுத்த மாசம் வரைக்கும் ஒண்ணும் காலி இல்லையாம்."

"ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினா விட்டுருவாங்க."

"டெரிக் அப்படிச் சொல்லலையே."

டெரிக் எங்கள் ஊர்க் குடிக்கடையில் சட்டம் பேசுகிறவன். முந்தின நாள் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவளைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறான்: "ஒரு நாள் கூடினாலும் பாஸ்போர்ட்ல முத்திரை குத்திருவான், பெரில். அஞ்சு வருஷம் இந்தப் பக்கமே வர முடியாது. டோரத்திக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?" அந்த டோரத்தி யார் என்று இன்றுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

பெரில் மூன்று நாள் தூங்கவில்லை. எண்பத்தெட்டாவது நாள் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"அஞ்சு வருஷம் அவன் தாங்க மாட்டான். தொண்ணூறு நாள்ல நான் திரும்பி வந்துரலாம், அதுவரைக்கும் தாங்குவான். தாங்குவான்ல?"

"தாங்குவான்" என்றேன். வக்கீல் ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவு செய் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. அவளைப் போலவே நானும் பயந்திருந்தேன்.

"நீ ஊட்டுவியா?"

"ஊட்டறேன்."

"அவசரப்படுத்தாதே. இடது பக்கமாக் குடு."

மறுநாள் அவன் நெற்றியில் முத்தமிட்டு, "கண்ணு, நான் ஊருக்குப் போயிட்டு வரணும். மனசோட போகலை. தெரியுதா?" என்றாள்.

"சரி" என்றான் நார்மன்.

விமான நிலையம் போகும் வழியெல்லாம் அவள் அந்த ஒரு சொல்லைத்தான் பேசினாள். "சரின்னுட்டான் பாரு. எதுக்குச் சரின்னான்?"

நான் கரண்டியை எடுத்துக்கொண்டு போன முதல் நாள் நார்மன் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. கண் மட்டும் கதவிலேயே இருந்தது. ரெமேதியோஸ் முயன்றாள்; அவள் கையையும் தள்ளிவிட்டான்.

"அந்தம்மா எங்கய்யா?" என்று கேட்டாள்.

"நாட்டுக்குப் போயிட்டாங்க."

"புருஷன் இப்படிக் கெடக்கறப்பவா?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "சாப்பாடு ஊட்டறதுக்கு நாள் கணக்கா? இந்தச் சட்டத்தை எழுதினவனுக்குப் பெண்டாட்டி இல்லையா?"

மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று பெரில்தான் வழி கண்டுபிடித்தாள். கைபேசியில் முகம் பார்த்துப் பேசும்படி கூப்பிட்டாள். ஹாலிஃபாக்ஸ் வீட்டு மேசையில் அவளும் ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நார்மன், இது உருளைக்கிழங்கு மசியல். உப்பு கம்மி, திட்டாதே. நான் ஒரு வாய், நீ ஒரு வாய். தொற."

அவள் வாயில் வைத்தாள். அவன் வாயைத் திறந்தான்.

அதன்பிறகு தினமும் இரண்டு வேளை அப்படித்தான். ஒரு கையில் கைபேசி, மறு கையில் கரண்டி. அவள் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அவனோடு முக்கால் மணி நேரம் சாப்பிட்டாள்.

நாலாவது வாரம் ரெமேதியோஸின் தங்கை மகள் பார்க்க வந்தாள். நகரத்தில் வக்கீலிடம் வேலை பார்ப்பவள். கைபேசியும் கரண்டியுமாக என்னைக் கண்டு விசாரித்தாள்.

"இவங்களுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?"

"அம்பத்தோரு வருஷம் ஆகுது."

"அப்படின்னா மனைவிங்கற முறையில அந்தம்மாவும் அட்டை கேக்கலாமே. கெடு போனாலும் கேக்கலாம். இங்க இருக்கறப்பவே மனு போட்டிருந்தா, பதில் வர்ற வரைக்கும் தங்கியிருக்கலாம். யாரும் சொல்லலையா?"

நான் கீழே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டேன். பெரிலிடம் சொல்லாமலும் இருக்க முடியாது. கைபேசியில் சொன்னேன்.

"அப்ப நான் கிளம்பியிருக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"டெரிக் நாக்கு அழுகிப் போக." அப்புறம் குரல் இறங்கியது. "இல்ல. நம்பினது நான்தானே. யார்கிட்டயும் கேக்கக்கூடத் தெரியாம ஓடி வந்தது நான்தானே."

அந்தப் பெண் மனுவைத் தயார் செய்தாள். பெரில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். நேர்காணலுக்கு நாள் குறித்துத் தபால் வரும் என்றார்கள்.

தபால் வருவதற்குள் நார்மனுக்குக் காய்ச்சல் வந்தது. எவ்வளவு பார்த்து ஊட்டியும் ஏதோ ஒரு வாய் தப்பி நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது. அது என் கரண்டியாகவும் இருக்கலாம். டாக்டர் என்னை வெளியே அழைத்து, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார்.

பெரில் மறுநாள் காலையிலேயே விமானம் ஏறிவிட்டாள். அவள் கணக்கில் ஒரு நாள்கூட மிச்சமில்லை. இங்கே இறங்கியதும் அதிகாரி முத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு அவளை ஓர் அறையில் உட்கார வைத்தார். "என் புருஷன் சாகக் கிடக்கிறார்" என்கிற ஒரு வாக்கியத்தை அவள் விமானத்தில் வரும்போதே ஸ்பானிய மொழியில் மனப்பாடம் செய்திருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அதையே சொல்லியிருக்கிறாள். நான் அனுப்பிய டாக்டர் சீட்டைக் கைபேசியில் காட்டியிருக்கிறாள். நாலு மணி நேரம் கழித்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தாள் கொடுத்து விட்டார்கள்.

வெளியே வந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இருக்கானா?"

"இருக்கான்."

அறைக்குள் போய்க் குனிந்து, "நார்மன், வந்துட்டேன்" என்றாள். அவன் கண்ணைத் திறந்தான். குரல் கேட்டதும் தலையை மெல்லத் திருப்பி, என் கையில் இருந்த கைபேசியைப் பார்த்தான். அதிலேயே தேடினான். இத்தனை நாள் அவள் அதற்குள்தானே இருந்தாள்.

"இங்க, கண்ணு. இங்க பாரு" என்று அவள் அவன் முகத்தை இரு கையாலும் தன் பக்கம் திருப்பினாள். அவன் பார்வை மறுபடி கைபேசிக்கே போனது. நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தான். மூன்றாம் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டான் என்று ரெமேதியோஸ் சொன்னாள். அடையாளம் தெரிந்துதான் பிடித்தானா என்று பெரில் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். தெரிந்துதான் பிடித்தான் என்று ரெமேதியோஸ் சிலுவைமேல் சத்தியம் செய்தாள்.

எங்கள் நாட்டில் அடக்கத்துக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இங்கே மறுநாளே. ஹாலிஃபாக்ஸில் இருந்து ஒருவரும் வந்து சேர முடியவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. கல்லறைச் சுவரில் ஒரு மாடத்துக்குள் பெட்டியை வைத்துப் பூசினார்கள். டெரிக்கும் வந்திருந்தான். பெரில் அவனோடு கை குலுக்கினாள்.

தாளில் எழுதியிருந்த பதினைந்தாவது நாள் அவளைத் திரும்ப ஏற்றிவிட்டேன்.

அக்டோபரில் நார்மன் விலாசத்துக்குத் தபால் வந்தது. பெரில் சக்டனுக்கு, மனைவி என்ற முறையில், வரும் பதினாறாம் தேதி காலை பத்தரைக்கு நேர்காணல். கைபேசியில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"இப்ப நான் யாருக்கு மனைவி?" என்றாள். ஹாலிஃபாக்ஸில் ஏதோ வண்டி போகும் சத்தம் கேட்டது.

"எம்லின், வரலைன்னு எழுதிப் போட்டுரு. சும்மா விட்டுறாதே. அந்த நேரத்துக்கு எவளாவது காத்துக்கிட்டிருப்பா."

அன்றைக்கே எழுதி, தபாலாபீசுக்கு நானே கொண்டுபோய்ப் போட்டேன்.